செலவு கட்டாது என்றார்கள்

எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் முடிந்தபோது, நானும் என் கணவரும் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தேன். பதினோரு மாதம் வந்தது. இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. காரைக்குடியில் எங்கள் தெருவில் அது குறையே இல்லை. எதிர்வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் மலேயாவில் இருந்தார்கள். என் கணவர் பம்பாயில், தாராவியில் ஒரு தோல் கிடங்கில், சரக்கு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கடல் தாண்டாமல் ரயிலில் போய்வருகிற தூரத்தில் மாப்பிள்ளை இருக்கிறார் என்று என்னைக் கொடுத்துவைத்தவளாகச் சொல்வார்கள்.

வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். வந்ததும் மாமியார் விருந்தாளிக்கு எடுக்கும் பீங்கான் தட்டைத்தான் அவருக்கும் எடுப்பார். பிறந்து வளர்ந்த வீட்டில், "தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டுக் குடிப்பார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒரு பக்கமாகத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். அது அவருக்குப் பிடிபட்டு வரும்போது லீவு முடிந்துவிடும். அடுத்த வருடம் மறந்திருப்பார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு லீவு. அவர் பம்பாய்க்குத் திரும்புவதற்கு முதல் நாள் தகரப் பெட்டியில் அவர் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. இரண்டு பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முன்கூட்டி யோசித்து வைத்த பேச்சு இல்லை. வாயில் வந்துவிட்டது.

"அடுத்த தடவை நீங்க வர வேணாம் மச்சான். நாங்க அங்குட்டு வாரோம்."

"எங்க?"

"பம்பாய்க்கு. இருக்கிறதுக்கு."

சிரித்தார். "செலவு கட்டாது புள்ள."

"எவ்வளவு கட்டாது?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "எவ்வளவுன்னா? கட்டாது. அம்புட்டுத்தான்."

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்கள் தெருவில் எல்லாப் பெண்களையும் உட்காரவைத்திருந்தார்கள். என் அம்மாவிடமும் அதைத்தான் சொன்னார்கள். என் தகப்பனார், எங்கள் வழக்கத்தில் அத்தா, பினாங்கில் டீக்கடை வைத்திருந்தார். என் நினைவில் அவர் நாலு முறை வந்தார். பிறகு தந்தி வந்தது. அதற்கு ஆறு மாதம் கழித்து அவருடைய பெட்டி வந்தது. அம்மா ஒரு நாளும் எவ்வளவு கட்டாது என்று கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கட்டாது என்று சொன்ன ஒருவராவது ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ.

அவர் போன பிறகு கடிதம் போட்டேன். வாடகை எவ்வளவு, அரிசி என்ன விலை, பால் என்ன விலை, மண்ணெண்ணெய் கிடைக்கிறதா, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டா? பதில் வந்தது. எல்லாரும் சுகமா, மழை உண்டா என்று கேட்டிருந்தார். என் கேள்விகளைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்னொரு கடிதம் போட்டேன். அதற்கும் அப்படியே. மூன்றாவது தடவை ஒரு தாளில் ஸலாம் மட்டும் எழுதிவிட்டு, சுகத்தைக் கேட்காமல், கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிலுக்கு இடம் விட்டு, அதை ஒரு கவருக்குள் வைத்து அனுப்பினேன். அவர் நல்ல மனிதர். வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பிவிடுவார். அதே தாள் பென்சிலில் எழுதிய விலைகளோடு திரும்பி வந்தது.

எட்டாவது வரை படித்தவள் நான். மகளுடைய பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதத் தொடங்கினேன். அவருக்குச் சம்பளம் இருநூற்று எண்பது. மாமனார் பேருக்கு நூற்று முப்பது வரும். மிச்சத்தில் ஆறு பேர் தங்கும் அறையில் ஓர் இடம், மெஸ் சாப்பாடு, சலவை, டீ. அதற்கு மேல் மாதம் இருபது ஒதுக்கி வைப்பார், ஊருக்கு வந்துபோக. அது போதாமல் முதலாளி பெருநாளுக்குக் கொடுப்பதையும் அதில் போடுவார்.

ஊருக்கு வந்துபோகிற செலவைத் தனியாக எழுதிப் பார்த்தேன். டிக்கெட், மாமிக்குச் சேலை, நாத்தனார் வீட்டுக்கு அலுமினியப் பாத்திரம், தெருவில் பத்து வீட்டுக்கு மிட்டாய், வந்த இடத்தில் விருந்து. நானூற்று முப்பது வந்தது. மறுபடி கூட்டினேன். அதேதான் வந்தது. வருடத்தில் ஒரு மாதம் புருஷனாக இருப்பதற்கு அந்த மனிதர் கொடுத்த விலை அது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. பத்து வருடமாக இதைப் பார்க்காமல் இருந்த என் மேல்தான்.

அங்கே குடும்பமாக இருந்தால் ஆகிற மாதச் செலவையும் போட்டேன். வாடகை ஐம்பது. ரேஷன் விலையில் அரிசி, கோதுமை, சர்க்கரை எழுபது. மீன், எண்ணெய், மளிகை ஐம்பது. பால், மண்ணெண்ணெய், பள்ளிக்கூடம், பஸ், மருந்து என்று ஒன்றையும் விடவில்லை. மாமனாருக்கு மாதம் நாற்பது அனுப்புவதையும் சேர்த்துத்தான் எழுதினேன். இருநூற்று அறுபது ஆனது. இருபது ரூபாய் மிச்சம் நின்றது.

குடிபோகிற செலவுதான் பெரிது. அறைக்கு முன்பணம் அறுநூறு கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ரயில் கட்டணம் தெரிய வேண்டும். தலையோடு போர்த்தும் வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே போனேன். அதுவரை நான் அந்தக் கவுண்டருக்கு முன்னால் நின்றதில்லை. உள்ளே இருந்தவர் வயதானவர். பொறுமையாகச் சொன்னார். சென்னை எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய் வேறு வண்டி பிடிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் எனக்கு நாற்பது ரூபாய், பிள்ளைகள் இருவருக்கும் அரை டிக்கெட்.

"சின்னப் பயலுக்கு மூணு முடியலேன்னு சொல்லுங்கம்மா. டிக்கெட்டே வேணாம்" என்று வரிசையில் பின்னால் நின்றவர் யோசனை சொன்னார்.

"ரெண்டு நாளு பயணம். அவனுக்கும் உக்கார எடம் வேணும்" என்றேன். "நாலு வயசுன்னே கணக்குப் போடுங்க."

"கூட யாரு வாரா?" என்று கவுண்டர்காரர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அதையும் எழுதிப் பார்த்தேன். கணவர் வந்து கூட்டிப்போனால் போகவர எண்பது ரூபாய், போதாததற்கு ஒரு வாரச் சம்பளம் போய்விடும். நாத்தனாரின் கணவர் வந்தாலும் அதே எண்பது, சாப்பாடு தனி. எதை எடுத்தாலும் கூட்டுத்தொகை மீறியது. அந்த வரியை அடித்தேன். தைரியத்தினால் நான் தனியாகப் போகத் தீர்மானித்ததாகப் பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். உண்மை அதுவல்ல. எண்பது ரூபாய் இல்லாததுதான் காரணம். தைரியம் அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் வந்தது.

கணவருக்கு எழுதினேன். "இந்த வருஷம் நீங்கள் ஊருக்கு வராதீர்கள். அந்த நானூற்று முப்பதில் நாங்கள் வருகிறோம். மீதிக்கு என் சீர்ப் பாத்திரங்களை விற்கிறேன். மாதக் கணக்கு இதோடு இருக்கிறது. தப்பு இருந்தால் எந்த வரியில் என்று எழுதுங்கள்."

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரே ஒரு திருத்தம் போட்டிருந்தார். மழைக்காலத்தில் மண்ணெண்ணெய் கூட ஆகும் என்று. அதற்குக் கீழே, "என் அத்தாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு எழுத வரவில்லை" என்று இருந்தது.

மாமனார் ஜவுளிக்கடையில் முப்பது வருடம் இருந்து ஓய்ந்தவர். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவரிடம் சொன்னேன். மாமி கையில் வெற்றிலையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த வீட்டுக்கு மருமகளா வந்தவ எவளும் ரயிலேறிப் புருஷனைத் தேடிப் போனதில்ல" என்றார் மாமனார்.

"தேடிப் போகல மாமா. விலாசம் இருக்கு."

அப்படி ஒரு பதிலை நான் அதற்கு முன் அவரிடம் சொன்னதில்லை. அவர் மாமி கையிலிருந்த வெற்றிலையை வாங்கிக்கொண்டார். பிறகு, நூற்று முப்பது வந்த இடத்தில் நாற்பது வந்தால் இந்த வீடு எப்படி நடக்கும் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நாங்கள் மூன்று பேர் இங்கே சாப்பிடுவது குறையும் என்றேன். மூன்று பேர் சாப்பாட்டுக்கு என்ன ஆகிறது என்று நான் எழுதி வைத்திருந்ததையும் நீட்டினேன். அவர் தாளை வாங்கவில்லை.

"போறதுன்னா போ. ரேஷன் கார்டுல இருந்து ஒரு பேரையும் எடுக்க விடமாட்டேன்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கார்டு அவர் பேரில் இருந்தது. இங்கே எங்கள் பேர்களை நீக்கிச் சான்று வாங்கிக்கொண்டு போனால்தான் பம்பாயில் எங்களுக்குக் கார்டு எழுதுவார்கள். கார்டு இல்லாவிட்டால் அரிசியை வெளியில் வாங்க வேண்டும். வெளி விலைக்கு என் எழுபது ரூபாய் நூற்றுப் பத்தாகிவிடும். இருபது மிச்சமிருந்த இடத்தில் இருபது பள்ளம் விழும்.

அம்மா ரெண்டு தெரு தள்ளி இருந்தார். அவராவது மாமனாரிடம் பேசுவார் என்று போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். முறத்தை நிறுத்தவில்லை.

"நான் இருக்கலையா? பதினெட்டு வருஷம்."

"இருந்தீகம்மா. அதைப் பாத்துத்தான் நான் போறேங்குறேன்."

முறம் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அம்மா என்னோடு பேசவில்லை. நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் தோன்றவில்லை. அந்தக் குரலில் சொல்லியிருக்க வேண்டாம்.

ரேஷன் கார்டு எழுதுகிற சப்ளை ஆபீசுக்கு நானே போனேன். முதல் தடவை, கார்டைக் கொண்டுவா என்று அனுப்பினார்கள். இரண்டாவது தடவை, குடும்பத் தலைவரை வரச் சொல் என்றார்கள். மூன்றாவது தடவை கணவருடைய கடிதத்தையும், அவருக்கு அங்கே வேலை என்று கிடங்கு முதலாளி எழுதிக் கொடுத்த தாளையும் ஒரு மனுவோடு வைத்து நீட்டினேன்.

"கார்டு உங்க மாமனார்து. அவர் சம்மதம் இல்லாம எப்படிம்மா?" என்றார் அதிகாரி.

"கார்டு அவுகளோடது சார். அவுககிட்டயே இருக்கட்டும். பேரு எங்களோடது. அதை மட்டும் எடுத்துக் குடுங்க."

அவர் மனுவை இரண்டாம் முறை படித்தார். எனக்குச் சட்டம் தெரியாது. அவருக்கும் முழுதாகத் தெரிந்தது போல இல்லை. ஆனால் கார்டைக் கொண்டுவந்து காட்டும்படி மாமனாருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புவதாகச் சொன்னார்.

நாலு நாள் கழித்துப் பியூன் சைக்கிளில் வந்து வாசலில் நின்று மாமனார் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டான். தெருவே எட்டிப் பார்த்தது. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்கு நோட்டீஸ் வர வச்சிட்டியே."

நான் தலையைக் குனியவில்லை. குனிந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, கார்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவரே ஆபீசுக்குப் போனார். மத்தியானம் வந்து சான்றை மாமியிடம் கொடுத்தார். "நாலாந் தடவையும் அவ அங்க போயி நிக்க வேணாம்" என்று சொன்னாராம். நான் ஊரைவிட்டுப் போகும்வரை அவர் என்னோடு பேசவே இல்லை.

பாத்திரங்களை எடுக்கிற அன்றைக்கு இன்னொரு சண்டை வந்தது. பெரிய அண்டாவை நகர்த்தியபோது மாமி தடுத்தார்.

"பத்து வருஷமா இங்கன கெடக்குற அண்டா. இது எங்க வீட்டுது."

அப்போது வாசலில் அம்மா வந்து நின்றார். ஒன்றரை மாதம் கழித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. கையில் என் கல்யாணத்துச் சீர் எழுதிய தாள் இருந்தது.

"உங்க வீட்டுல இருந்துச்சு சம்மந்தி. உங்க வீட்டுது இல்ல. அடியில பேரு வெட்டியிருக்கு, திருப்பிப் பாருங்க."

திருப்பினோம். அத்தாவின் பேர் இருந்தது. அம்மா அன்றைக்கு எனக்காகப் பேச வரவில்லை. தன் பாத்திரங்களுக்காகப் பேச வந்தார். தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார், நான் எடுத்து வைத்தேன். தவலை, தாம்பாளம், இரண்டு குடம். மாமிக்கு ஒரு செம்பை மட்டும் அவராகவே திருப்பிக் கொடுத்தார், "தண்ணி குடிக்க வச்சுக்கங்க" என்று. கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் பாத்திரக்கடைக்காரர் எடை போட்டபோதும் அம்மாதான் பேரம் பேசினார். நான் எதிர்பார்த்தது முந்நூறு, அம்மா முந்நூற்று முப்பத்தைந்து வாங்கினார். பணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒங்க அத்தா கூப்பிட்டிருந்தா நானும் போயிருப்பேன். கூப்பிடல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்க அவர் இடம் கொடுக்கவில்லை.

கிளம்பின அன்று ஸ்டேஷனில் அம்மா மட்டும்தான் நின்றார். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், இரண்டு சாக்கு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு பிள்ளைகள். கூட யாரு வாரா என்று கேட்ட அந்தக் கவுண்டர்காரர் பிளாட்பாரத்துக்கு வந்து சாக்குகளைப் பார்த்துவிட்டு, எடை அதிகமில்லை, உள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம் என்றார். சாமான் கட்டணம் என்று எழுதியிருந்த பதினைந்து ரூபாய் அப்படியே மிஞ்சியது. அதை எழும்பூரில் போர்ட்டரும் குதிரை வண்டிக்காரரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வண்டிக்காரர் பாதி வழியில் நிறுத்தி, இன்னும் இரண்டு ரூபாய் தந்தால்தான் சென்ட்ரல் என்றார். "இங்கேயே இறக்குங்க. நான் சுமந்துக்கிறேன்" என்று இறங்கி ஒரு சாக்கைத் தூக்கித் தலையில் வைத்தேன். துப்பட்டி போட்ட பெண் நடுரோட்டில் சாக்கோடு நிற்பதைப் பார்த்துக் கூட்டம் கூடியது. வண்டிக்காரர் சாக்கை வாங்கி வண்டியில் வைத்தார்.

பம்பாயில் தாதர் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது கணவர் எங்களைக் காணாமல் பெட்டி பெட்டியாக ஓடிக்கொண்டிருந்தார். மகள்தான் சன்னலில் கையை நீட்டிக் கூப்பிட்டாள். எங்கள் சாமான்களைப் பார்த்ததும், "இம்புட்டுத்தானா?" என்றார். "இம்புட்டுத்தான் நம்மளோடது" என்றேன்.

அறை பத்தடிக்குப் பத்தடி. கதவுக்குச் சாதாரணத் தாழ்ப்பாள். குழாயடியில் வரிசை. நான் எழுதிய மாதக் கணக்கு முதல் மாதமே தவறியது. மகனுக்குக் காய்ச்சல் வந்து மருந்துக்கு எழுதிய ஐந்து ரூபாய் முப்பதானது. மழை தொடங்கியதும் அவர் சொன்னபடி மண்ணெண்ணெயும் ஏறியது. கூரை ஒழுகியது. ஒரு மாதம் மாமனாருக்கு நாற்பது அனுப்ப முடியவில்லை. அப்போது கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

"மழை முடியிற வரைக்கும் ஊருல போயி இருந்துட்டு வாரீகளா?"

"போகவர எவ்வளவு ஆகும்னு எழுதிக் காட்டுங்க. பாப்போம்."

அவர் எழுதவில்லை. பக்கத்து அறைக்காரி மணிபர்சுக்குத் தோல் துண்டுகளை ஒட்டிக் கொடுக்கிற வேலை செய்துவந்தாள். நானும் கேட்டு வாங்கினேன். டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. பசை வாடை அறையைவிட்டுப் போகவே போகாது. மறுமாதம் மாமனாருக்கு இரண்டு மாதத்துப் பணமும் சேர்த்துப் போனது. மணியார்டர் கூப்பனில் அனுப்புநர் இடத்தில் என் பேரை எழுதினேன். மாமனார் வாங்கிக்கொண்டார்.

அந்த அறையில் பதினாலு வருடம் இருந்தோம். ஊருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாலு பேருமாகப் போய்வந்தோம். மாமனார் பிறகு என்னோடு பேசினார், கொஞ்சம்தான்.

எழுபதுகளின் கடைசியில் மகளுக்குப் பதினெட்டு வயதானபோது சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குச் சவூதியில் வேலை. சம்பளத்தைச் சொன்னபோது என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பம்பாய்க்கு வேலையாக வந்திருந்த பையனின் மாமாவும் இன்னொருவரும் எங்கள் அறையில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க ரெண்டு மாசம் லீவு, கம்பெனியே டிக்கெட் கொடுக்கிறது என்று சொன்னார்கள்.

"புள்ளயக் கூட்டிட்டுப் போவாகளா?" என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா? அங்க குடும்பம் வைக்கச் செலவு கட்டாது" என்றார் மாமா.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்துகொண்டார். மகள் திரைக்கு அந்தப் பக்கம் டம்ளர்களை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டிட்டுப் போறதா இருந்தா மேல பேசுவோம். இல்லேன்னா டீயக் குடிச்சுட்டுப் போங்க" என்றேன்.

அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.